மூன்றாம் வாரத்துப் பாடம்

மனநலப் பிரிவின் வாசலைப் பேராசிரியர் அதுவரை ஒரு முறைகூட மிதித்ததில்லை. அதே கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பொது மருத்துவம் கற்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பாடத்திட்டக் குழுவில் அவர் சொல்தான் முடிவு. தாத்தா காலத்திலிருந்து மருத்துவக் குடும்பம். அந்த வீட்டுப் பெயரைச் சொன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவர் இன்று கையில் சீட்டோடு, எல்லோரோடும் ஒருவராக மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி மகள்.

அவளுக்கு வயது இருபத்துநான்கு. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் நல்ல வேலை. நான்கு மாதமாக நெஞ்சு கனக்கிறது என்கிறாள். தூக்கமில்லை. எட்டு கிலோ இளைத்துவிட்டாள். போன வாரம் வேலையையும் விட்டாயிற்று. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் படிவத்தில் "தந்தை முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பால் இறந்தார்" என்று எழுதிக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் எல்லோரும் பதறிப்போய் அவள் இதயத்தையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் இதய மருத்துவரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"சார், குதிரை மாதிரி ஓடுது. நீங்க வேற இடத்துல பாருங்க."

அந்த வேறு இடம் எது என்று பேராசிரியருக்கு முதல் நாளே தெரியும். தம்பிக்கு மாரடைப்பு வரவே இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அக்கம்பக்கம் கூடுவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். சான்றிதழில் மாரடைப்பு என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டார். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் தம்பி மனைவியும். பெற்ற தாய்கூட அறியாமலே கண்ணை மூடினாள். அப்படிக் கட்டிக் காத்த மானம்.

கதவைத் திறந்துகொண்டு துறைத் தலைவி வந்தாள்.

"என்ன சார் நீங்க, இங்க வந்து உக்காந்துக்கிட்டு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே."

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. வரிசையில வர்றேன்."

அவரிடம் படித்தவள்தான். பாடத்திட்டக் குழுவில், மனநலப் பயிற்சிக்கு இருந்த எட்டு வாரமும் வேண்டும் என்று மல்லுக்கு நின்றவள். "மனசைப் பார்க்க எட்டு வாரமா? நாடியைப் பிடிச்சு மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்மா" என்று சொல்லி, எட்டை இரண்டாக வெட்டியவர் அவர். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து கல்லூரியில் அவளுக்கு "ரெண்டு வாரம்" என்றே பட்டப்பெயர். மாணவர்களும் அந்த இரண்டு வாரத்தை விடுமுறைக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள்.

அவள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும், கூட வந்தவரைத் தனியே உட்காரவைத்து ஒரு மாணவர்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஆசிரியையான அவள் பின்னால் உட்கார்ந்து கேட்பாள்; குறுக்கே வாய் திறக்க மாட்டாள்.

இன்று விசாரிக்க வந்தவள் மூன்றாம் ஆண்டு மாணவி. கல்லூரி நடைக்கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் பார்த்த மனிதர் நேரில் வந்து உட்கார்ந்ததும் அவள் படிவத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "தகவல் நம்பத்தகுந்ததா?" என்ற கட்டத்தில் ஒன்றும் கேட்காமலே "ஆம்" என்று குறித்தாள்.

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணும், சார்?"

"பெரியப்பா."

தூக்கம், பசி, படிப்பு, வேலை என்று கேள்விகள் ஒழுங்காகவே வந்தன. பேராசிரியர் பதிலை அளந்து அளந்து கொடுத்தார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது மனநோய் இருந்திருக்கா, சார்?"

"எங்க குடும்பத்துலயா? கிடையாது."

அடுத்து எந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். அதற்கான பொய்யை வீட்டிலேயே நறுக்காகத் தயார் செய்து வைத்திருந்தார். மாணவி வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தாளைப் புரட்டிவிட்டாள்.

"அவ்வளவுதான், சார். ரொம்ப நன்றி."

எழுந்து போயிருக்கலாம். கௌரவத்துக்கு ஒரு கீறலும் விழாமல் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். பேராசிரியர் எழுந்திருக்கவில்லை.

"ஒரு கேள்வியை விட்டுட்டே."

"எதை, சார்?"

"உனக்கே தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு."

மாணவி பேனாவை உருட்டிக்கொண்டே தலையைக் குனிந்தாள். "அதை எப்படிக் கேக்கணும்னு இன்னும் சொல்லித் தரலை, சார். அந்தப் பாடம் முன்னாடி மூணாவது வாரத்துல இருந்துச்சாம். இப்போ மூணாவது வாரமே இல்லையே."

ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேராசிரியர் மேசை மேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு, வகுப்பில் மாணவர்கள் எழுதிக்கொள்ள நிறுத்தி நிறுத்திச் சொல்வாரே, அதே குரலில் சொன்னார்.

"எழுதிக்கோம்மா. நோயாளியோட அப்பா. என் தம்பி. மாரடைப்பு இல்ல. தற்கொலை. மாரடைப்புன்னு சான்றிதழ் எழுதிக் கொடுத்தவன் நான்."

பேனா ஓடவில்லை. ஆசிரியைதான் எழுந்து வந்து தாளை வாங்கி எழுதி முடித்தாள். அவரிடம் தண்ணீர் டம்ளரை நகர்த்தினாள்.

"சார், இன்னைக்கே அவளை அட்மிட் பண்ணிடறேன். பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம். ஆனா அவங்க அப்பா எப்படிப் போனாருன்னு அவளுக்குத் தெரியணும். அதை நீங்க சொல்றதுதான் முறை. நானும் கூட இருக்கேன்."

பக்கத்து அறையில் தம்பி மகள் சுவரை ஒட்டிய நாற்காலியில் இருந்தாள். பெரியப்பா நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும் என்று தோன்றியது. அவள் அழவில்லை. நெஞ்சில் வைத்திருந்த கையை மெல்ல எடுத்து, அது யாருடையதோ போலப் பார்த்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பதினோரு வருஷம்." குரல் தரையோடு கிடந்தது. "அடுத்து என் நெஞ்சுதான் நிக்கப்போகுதுன்னு தினம் தினம் எண்ணிக்கிட்டு இருந்தேன், பெரியப்பா."

கையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையா? ஒருத்தர்கிட்டகூடவா?"

அதற்கும் அவரிடம் ஒரு பொய் இருந்தது. ஆசிரியை கதவருகே நின்றாள். பேராசிரியர் நாற்காலியை இழுத்து, யார் முன்னாலும் ஒருநாளும் உட்காராத விதமாக, கூனி உட்கார்ந்தார்.

"என்கிட்ட வந்தான்மா. போறதுக்கு நாலு நாள் முன்னாடி. வீட்டுக்கு வரலை. ஆஸ்பத்திரியில நோயாளிங்க வரிசையில கடைசியா வந்து நின்னான். 'அண்ணே, தூக்கமே வரலை, எதுக்கு இருக்கேன்னே தெரியலை'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நம்ம வீட்டுல எவனும் இப்படிப் பேசினதில்லடா, எழுந்திரு, முகத்தைக் கழுவிக்கிட்டு வேலைக்குப் போன்னு சொன்னேன்."

"போனாரா?"

"போனான்மா. அங்கேயே, என் அறைக் குழாயிலேயே முகத்தைக் கழுவினான். என் துண்டுலயே துடைச்சான். வர்றேன் அண்ணேன்னு சொல்லிட்டுப் போனான்."