கடைக்கண் பார்வை

நிதி ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் பார்த்தால் அந்த ஊர்ச் சாக்கடைத் தண்ணீர் தெளிந்துவிடும் என்பது, பாட்டிலக்கா முதன்முதலாகத் தலைநகரத்துக்குப் போன அன்று காலை பதினொன்றேகால் மணிக்குத் தெரியவந்தது. அவள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். தினமும் ஆறு இடங்களில் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் தேதி ஒட்டி, சோதித்து எழுதி வைப்பது வேலை. ஊர் இரண்டு மடங்காகப் பெருத்துவிட்டது, நிலையம் மட்டும் திறந்த நாளில் இருந்த அளவிலேயே நின்றது. மூன்று பம்புகளில் ஒன்று செத்துப்போய், இன்னொன்று இழுத்துக்கொண்டு கிடந்தது. மழை பெய்தால் பாதித் தண்ணீரை அப்படியே ஆற்றில் விடுவார்கள். மீதி குழாயிலேயே பின்வாங்கி, பள்ளத்தெரு வீடுகளின் குளியலறை ஓட்டை வழியாக மேலே வரும். பள்ளத்தெருவின் கடைசி வீடு அவளுடைய தம்பி வீடு. அங்கே தம்பி மகளுக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்து கால் விரலிடுக்குப் புண் ஆறவே இல்லை.

ஆகவே நிலையத்தின் பெரிய இன்ஜினியரும் பாட்டிலக்காவும் நீர்நிதிக் குழுவை நேரில் பார்த்துப் புதுப் பம்பு கேட்கப் போனார்கள். மனுவை எழுதியவளும் அவள்தான். ரயிலில் பை திறந்திருந்தபோது எதிர் சீட்டுக்காரர் உள்ளே இருந்த சாக்கடைத் தண்ணீர் பாட்டிலை எட்டிப் பார்த்து, இருமலுக்கு எந்த மருந்தம்மா இது என்று விசாரித்தார், தண்ணீர் அவ்வளவு கறுப்பு. அதே பாட்டிலைக் குழுவின் மேஜைமேல் வைத்தாள். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்ததும் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டின் எண்கள் மேலிருந்தே தெரிந்தன. “இவ்வளவு நல்ல தண்ணிய வச்சுக்கிட்டு எதுக்கும்மா அலையிறீங்க?” என்றார். அவர் கோப்புக்குள் தலை குனிந்ததும் மறுபடி கறுத்தது. “சார், இப்ப பாருங்க,” என்றாள். பார்த்தார், தெளிந்தது. மூன்று முறை இப்படி நடந்த பிறகு பெரிய இன்ஜினியர் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

இப்படியே எட்டு ஆண்டுகள் போனார்கள். ஓர் ஆண்டு கண்ணை மூடிக்கொண்டு முகரச் சொன்னார்கள். குழுவினரும் பெருந்தன்மையாக முகர்ந்தார்கள், மழை நின்ற காலை போல வாசம் அடித்ததாகக் குறிப்பில் ஏறியது. ஓர் ஆண்டு ஆய்வறிக்கையைக் கட்டுக்கட்டாகத் தூக்கிப்போனார்கள். கண்ணால் பார்த்ததைவிடவா காகிதம் பெரிது என்று கேட்டு, தலைவர் கட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். ஐந்தாம் ஆண்டு கெஞ்சிக் கூத்தாடிக் குழுவை ஊருக்கே வரவழைத்தார்கள். கார்கள் பாலத்தில் ஏறியதும் ஆறு கரைக்குக் கரை தெளிந்து, அடியில் கிடந்த ஒற்றைச் செருப்பும் உடைந்த சைக்கிளும் பளிச்சென்று தெரிந்தன. பள்ளத்தெருப் பெண்கள் விவரமானவர்கள். துணிமூட்டையோடு இறங்கி, கரையில் நின்ற அதிகாரிகளிடம் இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கய்யா என்று கேட்டுக் கேட்டு, திரைச்சீலை வரை துவைத்துக்கொண்டார்கள். கார்கள் திரும்பியதும் ஆறு கறுத்தது. துவைத்த துணி துவைத்தபடியே இருந்தது, குடத்தில் பிடித்து வைத்தது மட்டும் கறுத்தது. அடுத்த மாதம் நாட்டிலேயே தூய்மையான கழிவுநீருக்கான கேடயம் வந்து சேர்ந்தது. நிதி தேவையில்லாத இடம் என்று குழுவின் பட்டியலிலிருந்து ஊரின் பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பம்பு ஆபரேட்டர். கேடயத்துக்கு ஆணி அடித்துவிட்டு இறங்கியவர், ஆய்வக அலமாரியில் கிடந்த முதல் மனுவின் நகலைப் புரட்டிக் கடைசி வரியில் விரலை வைத்தார். தங்கள் கடைக்கண் பார்வை எங்கள் ஊர்மீது பட்டால் போதும், எங்கள் தண்ணீர் தெளிந்துவிடும் என்று இருந்தது. “பட்டால் போதும்னு நீதானேக்கா எழுதியிருக்க,” என்றார். அவர் குற்றம் சொல்லவில்லை, இருந்ததைப் படித்தார். எல்லா மனுவிலும் எல்லாரும் எழுதுகிற வரிதான் அது. அழகாக முடியட்டும் என்று அவளும் போட்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மறுநாளே திருத்தம் அனுப்பினாள். முதல் மனு ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டுவிட்டதால் அதைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்று பதில் வந்தது.

தம்பி மனைவிக்கு இந்த விவரமெல்லாம் எரிச்சல்தான். “அவங்க பாத்தா நல்லாத்தானே ஆகுது அண்ணி. அவங்களையே இங்க குடிவரச் சொல்லுங்க,” என்றாள். மகளின் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

ஒன்பதாம் ஆண்டு, குழுவில் ஓர் உறுப்பினர் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வர வேண்டும் என்று சட்டம் வந்து, கேடயம் வாங்கிய நிலையம் என்பதால் பாட்டிலக்காவை நியமித்தார்கள். பம்பு ஆபரேட்டர் இனிப்பு வாங்கி வந்தார். இனி உள்ளே நம் ஆள் ஒருத்தி என்று பெரிய இன்ஜினியர் எல்லாரிடமும் கைகுலுக்கினார். முதல் கூட்டத்துக்கு வேறோர் ஊரிலிருந்து வந்த ஒல்லியான பெண் ஒருத்தி பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தாள். வைக்கும்போதே தெளிந்திருந்தது. “இது கறுப்புத் தண்ணி,” என்றாள் பாட்டிலக்கா. தலைவர் கோபப்படவில்லை. “நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்,” என்று பாட்டிலை அவள் பக்கம் தள்ளினார். பார்த்தாள். தெள்ளத் தெளிவாக இருந்தது. பாட்டிலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது, அதில் இருந்தது தன்னுடைய பழைய முகம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த ஊருக்கு நிதி ஒதுக்கலாமா என்று கேட்டபோது, பதினொருவரில் பாட்டிலக்காவின் ஒரு கை மட்டும் உயர்ந்ததாகக் குறிப்பு சொல்கிறது.

ஊர் திரும்பியதும் பதவி விலகல் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தம்பியிடம் சொல்லிவிட்டு அனுப்பலாம் என்று பள்ளத்தெருவுக்குப் போனாள். அங்கே மழை. குளியலறை ஓட்டையிலிருந்து தண்ணீர் ஏறிக் கூடம்வரை வந்திருந்தது, தம்பி கட்டில்மேல் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தான். பாட்டிலக்கா வாசலில் நின்று பார்த்தாள். கணுக்கால் ஆழத் தண்ணீர் தெளிந்து, தரையின் பூப்போட்ட ஓடு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தம்பி மனைவி சோப்பை எடுத்துவந்து, மகளை முக்காலியில் உட்காரவைத்து, அந்தத் தண்ணீரிலேயே கால்களைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். “அண்ணி, அந்தப் பக்கம் மட்டும் திரும்பிடாதீங்க,” என்றாள்.

கடிதம் இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது. புதுப் பம்பு வரவில்லை. குழுக் கூட்டங்களில் பாட்டிலக்கா ஒற்றைக் கையை உயர்த்திவிட்டு வருகிறாள். மழை பிடித்தால் தெருவே சேர்ந்து அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடும், யாராவது குடை பிடிப்பார்கள், அவள் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள், தம்பி மகளின் கால் ஆறி வருகிறது. அவள் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தெரு முழுக்கக் கறுத்து மறுபடி தெளியும்.