எட்டிப் பிடித்த சிரிப்பு

வெயில் ஏறுவதற்குள் தூரப் படங்களை எடுத்துவிட வேண்டும். சூடு ஏறிவிட்டால் காற்று நெளிய ஆரம்பிக்கும். எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் படம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கிவிடும். அதனால் பல் துலக்கிய கையோடு மொட்டை மாடிக்கு வந்து நின்றார் அவர். கழுத்தில் புதிதாக வந்திருந்த சூப்பர்ஜூம் கேமரா தொங்கியது.

கேமராக்களைச் சோதித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வது அவர் தொழில். படம் எடுப்பதில் பித்துப் பிடித்தவர்கள் அவருடைய வீடியோவைப் பார்க்காமல் பர்ஸைத் திறக்க மாட்டார்கள். 'ஜூம் அண்ணன்' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

முதலில் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த புறா. அதன் கண்ணைச் சுற்றியிருந்த ஆரஞ்சு வளையம்வரை தெரிந்தது. அடுத்து செல்ஃபோன் கோபுரம். ஜூமை முழுக்க நீட்டியபோது ஃபோகஸ் கொஞ்சம் தடுமாறித்தான் நிலைக்கு வந்தது. ஆனால் கை நடுக்கத்தை நன்றாகத் தாங்கியது. நிழலான இடங்களில் படம் பொரிபொரியாக வந்தது. ஒளியை வாங்கும் சென்சார் நகக்கண் அளவுதான், வேறு எப்படி வரும்? எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டார். ஆனால் புறாவையும் கோபுரத்தையும் காட்டி யாரையும் வாய்பிளக்க வைக்க முடியாது. ஒரு மனித முகம் வேண்டும்.

மூன்று தெரு தள்ளி ஒரு சலவைக்கூடம் இருந்தது. அதன் மாடியில் பெண்கள் வெள்ளை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேமராவை அங்கே திருப்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வீச, ஈர விரிப்பு ஒன்று எழும்பி, அங்கிருந்த பருமனான பெண்ணைத் தலையோடு காலாகச் சுற்றிக்கொண்டது. அவள் உள்ளேயிருந்து கையை ஆட்டித் தத்தளித்தாள். பக்கத்தில் நின்ற ஒல்லியான பெண் இடுப்பில் கைவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். அவர் விரல் தானாக அழுத்தியது.

கீழே வந்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அவருக்கே சிலிர்த்தது. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடி, புருவத்துக்கு மேலிருந்த பழைய தழும்பு, ஏப்ரனில் தைத்திருந்த சலவைக்கூடத்தின் பெயர் எல்லாம் தெரிந்தன.

"இங்க வாயேன், எழுத்துக்கூடப் படிக்க முடியுது பாரு."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருங்க இது?"

"யாரோ. சலவைக்கூடத்துல வேலை பாக்கறவங்க."

"கேட்டீங்களா அவங்ககிட்ட?"

"கேட்டுட்டு வர்றதுக்குள்ள சிரிச்சு முடிச்சிருவாங்க."

"சரி, இப்பவாச்சும் போய்க் கேளுங்க. இல்லன்னா மூஞ்சிய மறைச்சிட்டுப் போடுங்க."

"மூஞ்சிய மறைச்சா கேமராவோட அருமை எப்படித் தெரியும்? தப்பா ஒண்ணும் எடுக்கலையே, அழகாத்தான எடுத்திருக்கேன்" என்றார். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள்.

வீடியோவின் முகப்பிலேயே அந்தச் சிரிப்பை வைத்தார். படம் தீயாகப் பரவியது. எத்தனையோ பேர் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுக்கொண்டார்கள். பாராட்டுகளுக்கு நடுவில் ஒருவன் பணிவாகக் கேட்டிருந்தான்: "அருமையான வெளிச்சம் சார். எந்த ஏரியால எடுத்தது?" தானும் போய் எடுத்துப் பார்க்க நினைக்கிறான் போலும் என்று எண்ணி, ஊரையும் தெருவையும் அடையாளத்தோடு எழுதிப்போட்டார் ஜூம் அண்ணன்.

கேட்டவன் படத்தில் சிரித்த பெண்ணின் கணவன்.

சலவைக்கூடத்தில் அவளைப் 'புதுசு' என்பார்கள். வேலை கேட்டு வந்த அன்று பெயர் கேட்டதற்கு, "எப்படி வேணா கூப்பிடுங்கக்கா" என்றாள். கூடத்தை நடத்தும் அக்கா அதற்குமேல் துருவவில்லை. புருவத்துத் தழும்பும், காலைக் கட்டிக்கொண்டு நின்ற சின்ன மகளும் மிச்சத்தைச் சொல்லிவிட்டன. பின்கட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தாள். புதுசு பழசாகி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் பெயர் மாறவில்லை.

முதலில் எல்லாம் கதவு தட்டினால் தாயும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். தெருவில் நடந்தால் சுவரோரமாக நடப்பார்கள். அவள் நிமிர்ந்து நின்றது மாடியில் மட்டும்தான். அங்கே வானமும் துணியும் தவிர யாரும் இல்லை என்று நம்பினாள். மெல்ல மெல்ல மகளைப் பள்ளியில் சேர்த்தாள். திரைச்சீலை வாங்கினாள். காற்றடித்த ஒரு காலையில், பல வருஷத்துக்குப் பிறகு, வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அவன் ஒரு மாலையில் வந்தான். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு திரும்பியவள், வாசலில் நின்றவனைப் பார்த்ததும் மகளை உள்ளே தள்ளிவிட்டு இரும்புக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் முடியைப் பற்றி இழுத்தான். அவள் கதவை விடவில்லை. அந்தக் கையின் மேலேயே கதவை அறைந்து சாத்தினான். ஒரு முறையோடு நிறுத்தவில்லை. உள்ளிருந்தவர்கள் ஓடிவருவதற்குள் விரல்கள் நசுங்கிவிட்டன. மகள் புத்தகப் பையை மாட்டியபடியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. அவன் ஃபோனில் அந்தப் படம் இருந்தது. கீழே மூலையில் ஜூம் அண்ணனின் பெயரும் இருந்தது.

மறுநாள் அக்கா தெருவில் விசாரித்துக்கொண்டு வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையிலிருந்த ஃபோனை நீட்டினாள். "இந்தப் படம் எடுத்தது நீங்களா?"

"நான்தாங்க." அவர் முகம் மலர்ந்தது. "நல்லா வந்திருக்குல்ல?"

"நல்லா வந்திருக்கு. இதப் பாத்துட்டுத்தான் அவன் வந்தான்."

வாசலிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை. "அவ வாய்விட்டுச் சிரிச்சு நாங்க பாத்தது அந்த ஒரு நாள்தான். அதையும் புடிச்சுக் குடுத்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஜூம் அண்ணன் தன் ஃபோனை எடுத்தார். தான் எழுதிப்போட்ட பதிலைத் தேடி எடுத்துப் பார்த்தார். தெருவுக்கு வழி சொல்லி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தார்.

மனைவி "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சொல்லவில்லை. "வாங்க, போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

மருத்துவமனைக் கட்டிலில் அவள் கட்டுப்போட்ட கையை மார்பின்மேல் வைத்துப் படுத்திருந்தாள். மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த மாலைக்குப் பிறகு குழந்தை யாரிடமும் பேசவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பதென்று தெரியாமல், "மன்னிச்சிருங்கம்மா" என்றார் அவர்.

"கோவப்படக்கூடத் தெம்பில்ல சார்." அவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்து, "அந்தப் படம் இருக்கா? ஊரே பாத்துச்சாம், நான் பாக்கல" என்றாள்.

கேமராவைப் பையிலிருந்து எடுத்துத் திரையைக் காட்டினார். அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். "இது நானா? பல்லெல்லாம் தெரியுது" என்றாள். மகளும் எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் சார் எடுத்திருக்கீங்க. அதான் வயிறு எரியுது. இது எனக்காக நான் சிரிச்சது. ஊருக்குக் காட்டணும்னா என்னைத்தான கேட்டிருக்கணும்?"

அவர் கேமராவைத் தாழ்த்தினார்.

"அழிச்சிருங்க."

அவள் கண்முன்னாலேயே அழித்தார்.

"போயிருச்சா?"

"இதுல போயிருச்சும்மா" என்றார். ஊர் முழுக்கப் பரவியதும் போய்விட்டது என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீடியோவை எடுத்துவிட்டார். படத்தைப் போட்டிருந்த ஒவ்வொருவருக்கும் எழுதிக் கெஞ்சினார். சிலர் எடுத்தார்கள், சிலர் 'பொது இடத்துப் படம்தானே' என்று மறுத்தார்கள், பலர் பதிலே போடவில்லை. கணவன் ஜாமீனில் வெளியே வந்தான். அதற்கு முன்பே அவள் மகளோடு அந்த ஊரைவிட்டுப் போயிருந்தாள். மருத்துவச் செலவுக்கு ஏதாவது செய்யலாமா என்று கேட்கப் போனவரை அக்கா வாசலிலேயே நிறுத்தினாள். "அவ எங்க போனான்னு எனக்கே தெரியாது. சொல்லாதன்னுதான் அனுப்பினேன். மடங்காத விரல வெச்சுக்கிட்டு அங்க என்ன வேலைதான் பாப்பாளோ." உள்ளே திரும்பிப் போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சில மாதங்களுக்குப் பிறகு புகைப்பட ஆர்வலர்களின் கூட்டம் ஒன்றில் சூப்பர்ஜூம் கேமராக்களைப் பற்றிப் பேச அவரை அழைத்தார்கள். லென்ஸ், எடை, பேட்டரி என்று கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு நடந்ததைச் சொன்னார். அவள் எங்கிருந்தாள், எப்படிப்பட்டவள் என்று அடையாளம் தெரியாதபடி, அவளைப் பற்றிக் குறைவாகவும் தன்னைப் பற்றி நிறையவும் சொன்னார்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அடிச்சது அவன். நீங்க சட்டப்படி என்ன தப்பு பண்ணீங்க?"

"அவன் பண்ண பாவம் அவனுக்கு" என்றார் ஜூம் அண்ணன். "ஆனா அவனுக்கு வழி காட்டினது நான். சட்டம் என்னைக் கேக்கல, அந்தம்மாதான் கேட்டாங்க. லென்ஸ் எட்டிருச்சுங்கறதுக்காக அடுத்தவங்க முகம் நமக்குச் சொந்தமாயிடாதுங்க. ஒருத்தர் யாருக்குப் பயந்து ஒளிஞ்சிருக்காங்க, யாருகிட்ட எதை மறைச்சு வெச்சிருக்காங்கன்னு எந்தக் கேமராலயும் தெரியாது. அதனால எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. முடியலன்னா, போடறதுக்கு முன்னாடியாவது கேளுங்க. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க. எவ்வளவு நல்ல படமா இருந்தாலும் சரி. ஒரு படம் போனா இன்னொண்ணு எடுத்துக்கலாம். அந்தம்மா குடியிருந்த வீட்ட நான் எங்கேருந்து எடுத்துக் குடுப்பேன்?"