நீலக் கோடு

ஆஸ்பத்திரி வோட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டொக்ரர், அற்புதராணியின் இடது காலில் கிருமி தொற்றி ஏறிய சிவப்பு முடியும் இடத்தைச் சுற்றி நீலப் பேனையால் கோடு போட்டுவிட்டார்.

"சிவப்பு இதைத் தாண்டினா உடனை வாங்கோ அம்மா. தாண்டாட்டி குளிசையைப் போட்டு, காலைத் தலையணைக்கு மேலை வைச்சிருங்கோ."

புத்தூர் வீட்டில், கண் விழித்ததும் அவள் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். கணவர் எட்வேர்ட்டின் காலிலும் இதே சிவப்புத்தான் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போட்டால் வற்றிவிடும் என்று ஒன்பது நாள் பொறுத்திருந்தார்கள். பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் காலை எடுத்தும் ஆள் தப்பவில்லை. அது போன மாரியில். இந்தக் காலை விடுவதில்லை என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் சற்றுக் கண்ணயர்ந்தவள், காலில் குளிர்ச்சி பட்டு விழித்தாள். எட்வேர்ட்டின் தமக்கை பொன்மலர் கட்டிலோரம் இருந்தாள். முழங்கால் வரை மஞ்சள் பத்து.

"மச்சாள்! கோடு எங்கை?"

"உந்தப் பேனைக் கிறுக்கலோ? ஊத்தையாக் கிடந்தது. எண்ணெய் போட்டுத் துடைச்சுவிட்டன்."

"அவருக்கும் நீங்கள்தானே அரைச்சனீங்கள்."

ஒரு வருடமாகச் சொல்லாத சொல். பொன்மலரின் கை அப்படியே நின்றது.

"நானுந்தான் பூசினனான்," என்றாள் அற்புதராணி. "இனி வேண்டாம்."

கழுவிப் பார்த்தார்கள். மஞ்சள் ஏறிய காலில் சிவப்பு எது வரை என்று தெரியவில்லை.

"ஓட்டோவுக்குச் சொல்லுங்கோ."

"பொழுதுபடப் போகுது ராணி. நாளைக்குப் போவம்."

"நாளைக்கு, நாளைக்கு எண்டுதான் அப்பவும் இருந்தனாங்கள்."

சுவரைப் பிடித்தபடி அவளே வாசற்படி இறங்கினாள். ஒவ்வொரு அடிக்கும் கால் தெறித்தது. பொன்மலர் பின்னால் ஓடி வந்து தோளைக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்ரர் காலை முகர்ந்து பார்த்தார். "ஆரம்மா இந்தக் கறி வைச்சது?"

"நான்தான்," என்றாள் பொன்மலர், தலை நிமிராமல்.

கோடில்லாமல் எதையும் சொல்ல முடியாது என்று வோட்டிலேயே மறித்துவைத்தார்கள். ஊசி மருந்து ஏற்றினார்கள். மஞ்சள் போனதும் புதுக் கோடு போட்டார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

மறுநாள் காலை பொன்மலர் குனிந்து, விரலை வைத்து அளந்தாள்.

"சிவப்பு கோட்டுக்கு ஒரு விரல் உள்ளுக்குப் போயிட்டுது."

"கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ மச்சாள்."

போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றரை விரல்.