எந்த அப்புவின் வில்

அந்தக் கரடியைப் பற்றி நான் கூட்டிச் சொல்கிறேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். குறைத்துத்தான் சொல்கிறேன். அது எங்கள் சோளக்கொல்லைக்குள் தலையை நீட்டியபோது நான் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அதன் பின்பக்கம் வேலியைத் தாண்டி உள்ளே வந்து சேர்வதற்குள் மத்தியானக் கஞ்சியும் ஆகிவிட்டது. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

கொல்லை நடுவில் நாலு கால் நட்டுக் காவல் பரண் போட்டிருந்தோம். பரணில் என் மனைவி ஆன்யி. அவள் மடியில் ஒரு கூடைத் தேனடை. கீழே கரடி. பாதி அடையை அவள் எடுத்து வீசிப் பார்த்தாள். அது தின்றுவிட்டு மீதியைக் கேட்டது. மேலே ஏறினால் பரண் தன் பாரத்தைத் தாங்காது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதனால் ஏணியை மிதித்து முறித்துப் போட்டுவிட்டு, பரணின் ஒரு காலைக் கட்டிப்பிடித்து ஆட்டியது. அந்தக் கால் போய்விட்டது.

நானும் என் மச்சினன் ஆக்கேயும் கொல்லையின் மேல் வரப்பில் நின்றோம்.

"யோவ்! அங்க நின்னு என்ன பாக்குறே? இன்னும் மூணு கால்தான் இருக்கு!"

"எண்ணத் தெரியும்டி!"

"எண்ணத் தெரியும். எய்யத்தான் தெரியாது. கல்யாணத்தன்னைக்கே தெரிஞ்சுதே!"

கல்யாணத்தில் அவள் தலைமேல் முட்டை வைத்து நான் எய்ய வேண்டியிருந்தது. முட்டையை விட்டுவிட்டு முட்டையின் தகப்பனைக் கொன்றவன் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சேவல் அங்கே ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் வில் கட்டையில் குறுக்காகப் பொருத்தியது; நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டி, விசையைத் தட்டினால் கட்டையின் பள்ளத்தில் அம்பு பாயும். என் வில் அணில் அடிக்கிற வில். வயிற்றில் முட்டுக்கொடுத்து ஒரு கையால் நாண் ஏற்றிவிடலாம். அதில் ஏற்கெனவே இரண்டு அம்பு விட்டிருந்தேன். இரண்டும் கரடியின் பின்பக்கத்தில் கொண்டை ஊசி மாதிரி செருகி நின்றன. அம்பு நுனியில் வச்சநாவி தடவியிருந்தது. ஆனால் விஷம் ரத்தத்தைத் தொட்டால்தானே வேலை செய்யும்? அது பனி விழுவதற்கு முந்திய மாதம். கரடிக்குத் தோலுக்குக் கீழே நாலு விரல் கொழுப்பு. என் அம்பு இரண்டு விரலோடு நின்றுவிட்டது.

"மச்சான், இந்த வில்லு ஆகாது. பெரிய வில்லு வேணும்" என்றான் ஆக்கே.

பெரிய வில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அன்று மூங்கில் கயிற்றில் தொங்கி ஆற்றைத் தாண்டி அக்கரைச் சந்தைக்குப் போயிருந்தார்கள். இருந்தது ஒரே இடம். எங்களுக்குப் பின்னால், பத்தடியில், அக்ரூட் மரம். மரத்தடியில் இரண்டு புதைமேடு. மரத்தில் இரண்டு வில்.

எங்களில் முதல் பிள்ளை ஆணானால் அப்பு, இரண்டாவது ஆதே. நான் ஆதே. ஊர் நடுவில் நின்று ஆதே என்று கூப்பிட்டால் ஒன்பது பேரும் இரண்டு நாயும் திரும்பிப் பார்க்கும். மரத்தடியில் கிடந்த இருவருமே அப்பு. ஒருவன் வேட்டைக்கார அப்பு. இன்னொருவன் தூங்குமூஞ்சி அப்பு. ஒரே காய்ச்சலில் ஒரே வாரம் போனார்கள். அவரவர் வில்லின் நாணை அறுத்து ஒரே மரத்தில் மாட்டிவிட்டோம். மாட்டியவர்கள் இருக்கிற இடத்தில் நான் இல்லை. சாவுவீட்டுச் சாராயம் இருக்கிற இடத்தில் இருந்தேன்.

வேட்டைக்கார அப்பு தன் வில்லை ஆட்டுத்தோலில் சுற்றித்தான் கொண்டுபோவான். பிறர் கண் பட்டால் வில் சோர்ந்துவிடும் என்பான். அதைப் பார்த்துத் தூங்குமூஞ்சியும் தன்னுடையதைச் சுற்றிக்கொண்டான். காட்டுக்குப் போய்ப் பாறைக்கடியில் நன்றாகத் தூங்கிவிட்டு, தடம் மட்டும் பார்த்தேன் என்று வெறுங்கையோடு வருவான். ஆகவே அவர்கள் இருந்தவரை இரண்டு வில்லையும் ஊரில் எவனும் கண்ணால் கண்டதில்லை; மரத்தில் தொங்குவதில் எது எவனுடையது என்று எனக்கும் ஆக்கேக்கும் தெரியாது.

செத்தவன் வில்லை எடுக்கவேண்டுமானால் மூன்று தடவை பேர் சொல்லிக் கேட்கவேண்டும், சாராயம் ஊற்றவேண்டும். என் சுரைக்குடுவை காலி.

"அப்பு அண்ணே, அப்பு அண்ணே, அப்பு அண்ணே! வில்லைக் குடு. சாராயம் நாளைக்கு ஊத்துறேன்."

"எந்த அப்புவைக் கூப்பிட்டே?" என்றான் ஆக்கே.

"எவனுக்குக் காது கேக்குதோ அவனை."

மரத்தில் ஒன்று ஆள் உயரம், பருமன் என் முழங்கை அளவு. மற்றது என் கை நீளம்கூட இல்லை, கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு அவலட்சணமாகத் தொங்கியது.

"பெருசு" என்றேன்.

"மச்சான், கொஞ்சம் பாத்து..."

"அவ்வளவு பெரிய கரடிக்கு இத்துனூண்டு வில்லாடா? எடுடா!"

நாண் வேண்டுமே. ஆக்கேயின் முதுகுக்கூடையை நெற்றியில் மாட்டிச் சுமக்கும் பட்டையில் கட்டியிருந்த சணல் கயிற்றை அவிழ்த்து முறுக்கினோம். முடிச்சுப் போடும்போதே கீழே மடேரென்று ஒரு சத்தம். இரண்டாவது கால். பரண் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ரெண்டு!" என்று கத்தினாள் ஆன்யி. குரல் மாறியிருந்தது.

ஆக்கே வில்லை மார்போடு அணைத்துப் பிடித்தான். நான் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வில்லில் உதைத்து நாணை இழுத்தேன். வளைந்தது. இன்னும் வளைந்தது. பிறகு இடி விழுந்த மாதிரி நடுவில் பிளந்தது.

கரடி பரணை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. வரப்பை நோக்கி நாலு அடி வந்தது. அப்போது ஆன்யி மிச்சமிருந்த அடையில் ஒரு துண்டைப் பிய்த்து அதன் முதுகில் வீசினாள். கரடி திரும்பிப் போனது. எங்களைக் காப்பாற்றுவதற்காக அவள் தன் தேனைக் குறைத்துக்கொண்டாள். அதைப் பிறகு எனக்கு நாற்பது வருடம் சொல்லிக்காட்டினாள்.

உடைந்த வில்லை ஆக்கே புரட்டிப் பார்த்தான்.

"இங்க பாரு மச்சான். நாண் ஓடுற பள்ளத்துல ஒரு கீறல்கூட இல்ல. இது ஒரு அம்புகூட விட்டதில்ல. தூங்குமூஞ்சி வில்லு இது!"

சின்ன வில்லை இறக்கினேன். நாண் ஓடும் பள்ளம் விரல் ஆழம் தேய்ந்து கண்ணாடியாக மின்னியது. நாணைப் பிடித்து நிறுத்தும் எலும்புக் கொக்கி பாதியாகத் தேய்ந்திருந்தது. வயிற்றில் முட்டும் முனையில் ஒரு மனித வயிற்றின் குழி அப்படியே இருந்தது. பிசுக்கு என்று நான் நினைத்தது காய்ந்த ரத்தம்.

கயிற்றைச் சுருக்கிக் கட்டினோம். நான் உதைத்து இழுத்தேன். நாண் பாதி வழிதான் வந்தது. சின்ன வில்லுக்குள் இத்தனை பிடிவாதம் இருக்கும் என்று யார் நினைத்தது? ஆக்கே பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு சாய்ந்தான். என் உள்ளங்கை கிழிந்தது. கடைசி ஒரு விரற்கடை இருந்தது. கீழே மூன்றாவது கால் முனகத் தொடங்கியது.

டக். கொக்கி பிடித்துக்கொண்டது.

கடைசி அம்பு. விஷம் ஈரமாக இருந்தது. வரப்பிலிருந்து விட்டால் மறுபடி கொழுப்பில்தான் நிற்கும். கொழுப்பு மெலிந்த இடம் அக்குள் ஒன்றுதான். நான் கொல்லைக்குள் இறங்கி நடந்தேன். சோளத்தட்டை காலடியில் சலசலத்தது. ஆன்யி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

கரடி மூன்றாவது காலைக் கட்டிப்பிடிக்கக் கையைத் தூக்கியது. விட்டேன்.

அம்பு போனதை நான் பார்க்கவில்லை. அம்பின் வாலில் செருகிய மூங்கில் இலை மட்டும் அக்குள் மயிருக்கு வெளியே தெரிந்தது. கரடி என் பக்கம் திரும்பி அடி வைத்தது. ஒன்று. இரண்டு. எங்கள் வச்சநாவி நல்ல வச்சநாவி, எட்டாவது அடியை அது எந்த மிருகத்துக்கும் கொடுத்ததில்லை. நான் எட்டாவது அடியில்தான் நின்றிருந்தேன். ஏழாவது அடியில் அதன் மூச்சு என் முகத்தில் தேன் வாசமாக அடித்தது. அங்கேயே மடிந்து விழுந்தது. ஓடலாம் என்று பார்த்தபோதுதான் நான் எப்போதோ உட்கார்ந்துவிட்டது தெரிந்தது.

பரண் அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி மெல்லச் சரிந்தது. ஆன்யி கரடியின் வயிற்றின்மேல் வந்து உட்கார்ந்தாள். கூடை கவிழவில்லை.

"என் தலையில முட்டை வெச்சன்னைக்கு இந்த வில்லைக் கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

மறுநாள் பங்கு பிரித்தோம். எய்தவன் யாராக இருந்தாலும் வில் யாருடையதோ அவன் வீட்டுக்கு முன்தொடை போகவேண்டும். வேட்டைக்கார அப்பு வீட்டுக்கு ஒன்றை அனுப்பினேன். அவன் பெண்டாட்டி வாங்கி உப்புப் பானைப் பக்கம் வைத்தாளாம், எத்தனையோ தொடையைப் பார்த்தவள்.

சாயங்காலம் தூங்குமூஞ்சியின் பெண்டாட்டி உடைந்த வில்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆதே, எந்த அப்புவைக் கூப்பிட்டே?"

"ரெண்டு பேரையும்தான் அண்ணி."

"அப்ப என் புருஷனும் குடுத்தாரு. அவரு வில்லு உடைஞ்ச சத்தத்துலதானே கரடி திரும்புச்சு? அந்த நேரத்துல பரண் கால் ஒண்ணு விழாம நின்னுச்சில்ல?"

ஆக்கே என்னைப் பார்த்தான். நான் ஆன்யியைப் பார்த்தேன். ஆன்யி உள்ளே போய், எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த மற்ற முன்தொடையைக் கொண்டுவந்து அவள் தோளில் ஏற்றினாள்.

பாரத்தில் அவள் ஒருபக்கம் சாய்ந்தாள். ஆனால் குறுக்கு வழியில் போகவில்லை. ஊர் நடு வழியாகப் போனாள், ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று.

"எங்க வீட்டுக்காரரு கறி குடுத்தனுப்பியிருக்காரு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.