மூடுபனிக்குக் கீழே இருளப்பன்

1.

இந்தக் கதை நான் ஓர் அட்டையில் எழுதிய பொய்யிலிருந்து பிறந்தது. கொடைக்கானல் விடுதி ஒன்றின் வரவேற்பறையில் பெரிய அக்ரிலிக் ஓவியம் மாட்டினார்கள்: ஊரடங்கில் ஏழு ரோடு சந்திப்பு. கீழே வைக்க ஒரு வரி கேட்டார்கள். 'ஒரு மனிதர்கூட இல்லாத ஊரின் பேரமைதி' என்று எழுதிக் கொடுத்தேன். பாராட்டினார்கள். பல்லிளித்தேன்.

2.

முதல் தொடக்கம்: "2020 ஏப்ரலில் ஊரே உறங்கிக்—"

(அடித்துவிட்டேன். உறங்கியது நான். துப்புரவுப் பணியாளர் இருளப்பன் வெள்ளனே எழுந்து அந்த ரோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்.)

அடுத்தது: ஓவியர் ஞானவேல் அந்த ஓவியத்துக்காக மூன்று நாள் காலையில் இருளப்பனை நிறுத்தி வரைந்தார். குப்பை வண்டிக்குப் பக்கத்தில், டீ குடிக்க முகக்கவசத்தை இறக்கிவிட்ட முகத்தோடு.

3.

அடுத்த வருடம், இரண்டாம் அலையில், இருளப்பன் செத்துப்போனார். 'காலமானார்' என்றுதான் முதலில் எழுதினேன். ஆத்திரமாக வந்தது. கிழிந்த கையுறையோடு வேலைக்கு அனுப்பிவிட்டு என்ன காலமானார்? உறையில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மனைவி பாண்டியம்மாளுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை.

4.

ஊர் திறந்ததும் விடுதி முதலாளி ஓவியத்தைக் கேட்டார்.

"குப்பை வண்டி எதுக்குங்க? கெஸ்ட் பாக்குற எடம். ஆளையும் எடுத்துருங்க."

அக்ரிலிக் அரை மணியில் காய்ந்துவிடும், மேலே எதையும் பூசலாம். ஞானவேல் வெள்ளையும் சாம்பலும் குழைத்து மூடுபனி போட்டார். (இங்கே பிசகை மறைப்பது இப்படித்தான். கட்டடம் சாய்ந்துவிட்டதா, பனியைப் போடு. மலை ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது.)

"ஆளு செத்துட்டாரு. யாரு வந்து கேக்கப்போறா?" என்றார் ஞானவேல். நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

5.

கேட்க ஆள் வந்தது. நான் அங்கே இருந்த ஒரு நாள் பாண்டியம்மாள் விடுதிக்கே வந்துவிட்டார்.

"'என்னைய முகத்தோட வரைஞ்சிருக்காங்க புள்ள'ன்னு சொன்னாருங்க. எங்கிட்டு நிக்கிறாரு?"

நான் பனியைக் காட்டினேன்.

"இதுக்குள்ளயா?"

"ஆமாங்க. மேல பூசிட்டாங்க."

அவர் எழுத்துக் கூட்டி என் அட்டையைப் படித்தார். "மனுசரு யாருமில்லன்னு எழுதுனது யாருங்க?"

(முந்தைய பிரதியில் இந்த இடத்தில் நான் ஒப்புக்கொள்கிறேன். அது புளுகு. "தெரியலைங்க" என்றுதான் சொன்னேன்.)

6.

முடிவு ஒன்று: ஞானவேல் இருளப்பனை மறுபடி வரைகிறார். (நடக்காது. போனையே எடுப்பதில்லை.)

முடிவு இரண்டு: முதலாளி மனம் வருந்தி—

முடிவு மூன்று: அட்டையை நான் கிழிக்கிறேன். எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். அந்த அம்மாளுக்கு முகம் கிடைக்குமா?

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பாண்டியம்மாள் கட்டைவிரல் நகத்தைப் பனியின் ஓரத்தில் வைத்தார்.

"சொரண்டுனா வருவாராங்க?"

சுரண்டினால் முகமும் சேர்ந்து பெயர்ந்துவிடலாம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வரவேற்பறைப் பெண், "மேடம், ப்ளீஸ், தொடாதீங்க!" என்று எழுந்துவிட்டாள்.

அவர் நகம் இன்னும் அந்தப் பனியின்மேல்தான் இருக்கிறது. இனி என்னைக் கேட்காதீர்கள், அந்த ரோட்டில் யாருமில்லை என்று எழுதிய ஆள் நான். நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். கையை எடுக்கச் சொல்வீர்களா?