மறியலுக்கு ஒரு விண்ணப்பம்

உலகத்தின் வெப்பநிலை உயர்வை ஒன்றரை டிகிரிக்குள் நிறுத்தி வைக்கும் பொருட்டு, தாமிரபரணிக் காலநிலை மீட்புப் பேரியக்கத்தின் உறுப்பினர்கள் ஒன்பது பேரும் வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வண்ணார்பேட்டையில் சட்டத்தை மீறுவார்கள் என்று இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. பத்தரைக்கு இராகுகாலம் தொடங்கிவிடுவதால் அதற்குள் கைதாகிவிடுவது உத்தமம்.

அறிவிப்பை எழுதியவர் தலைவர் குமரவேல் அண்ணாச்சி. வண்ணார்பேட்டையில் ஏசி விற்கும் கடை வைத்திருந்தார். வெயில் கூடக்கூட அவருக்கு வியாபாரமும் கவலையும் சேர்ந்தே கூடின. ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு பதவி கொடுத்திருந்தார். செயலாளர் கெவின், திசையன்விளைக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரன். கடல் அவன் வீட்டுப் பின்சுவரை இரண்டு தடவையில் பாதி பாதியாகக் கொண்டுபோயிருந்தது. ஆகவே அவன் கோபத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கப்பல் படிப்பு முடித்தவன். ஜூன் பன்னிரண்டாம் தேதி தூத்துக்குடியில் ஒரு கப்பலில் ஏற வேண்டும். அவன்மேல் வழக்கு ஏதும் இல்லை என்று ஒரு போலீஸ் சான்று வாங்குவது மட்டும்தான் பாக்கி.

நம் பக்கம் எதற்கும் முன் அனுமதி கேட்பது மரியாதை. கோயில் கொடைக்கும் கேட்கிறோம், மைக் செட்டுக்கும் கேட்கிறோம். சட்டத்தை மீறுவதற்கு மட்டும் கேட்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

“ஏலே கெவினு, உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நீயே எழுதிருடே,” என்றார் அண்ணாச்சி.

கெவின் போலீஸ் ஸ்டேஷனுக்கு விண்ணப்பம் எழுதினான். மேற்படி நாளில் மேற்படி நேரத்தில் சாலையை மறித்துப் போக்குவரத்துக்கு இடையூறு செய்ய உத்தேசித்திருப்பதாகவும், தக்க பாதுகாப்பு தந்து உதவுமாறும் எழுதி, கீழே கையெழுத்திட்டான். முகவரிக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் நகலையும் இணைத்தான்.

“அண்ணாச்சி, கேஸு கீஸு ஆயிராதே? கப்பலு இருக்கு.”

“என்ன கேஸு? கலியாண மண்டபத்துல உக்கார வச்சு, எலுமிச்சஞ்சோறு போட்டு, சாயந்தரம் விட்டுருவானுவ. இருவது வருசமா பாக்குதேன்.”

வெள்ளிக்கிழமை எட்டு பேர் வந்தார்கள். தலைவரைக் காணவில்லை. ரோட்டோரம் நின்று அவருக்காகக் காத்திருந்தபோது, ஏட்டையா விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“பத்தேகால்னு எழுதியிருக்கு, மணி பத்து இருவது ஆவுது. உக்காருதீயளா, இல்லியா? எனக்கு மத்தியானம் வேற பந்தோபஸ்து இருக்கு.”

அவர்கள் அவசரமாக உட்கார்ந்தார்கள். ஒரு களக்காட்டு பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி, “எதுக்குவே மறியலு?” என்று கேட்டார். “வெக்கை கூடிட்டு வருதுல்லா, அதுக்கு,” என்றான் கெவின். “அதுக்கு வெயில்லயா உக்காருவிய?” என்று கேட்டுவிட்டு அவர் பஸ்ஸின் நிழலுக்குப் போனார். நான்கு நிமிடத்தில் எல்லோரும் வேனில் இருந்தார்கள்.

மண்டபத்தில் எலுமிச்சஞ்சோறு நன்றாகவே இருந்தது. இராகுகாலம் முடிந்து பன்னிரண்டு ஐந்துக்குத் தலைவர் மாலையோடு வந்து சேர்ந்தார், போட்டோவுக்கு நடுவில் நின்றார், தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். “லிஸ்ட்டு போயிட்டுது அண்ணாச்சி. அடுத்த மறியலுக்கு வெரசா வாங்க,” என்றார் ஏட்டையா. சாயந்தரம் எல்லோரையும் விட்டுவிட்டார்கள்.

மே கடைசியில் கெவினுக்குச் சம்மன் வந்தது. முதல் குற்றவாளி அவன். வக்கீல் எஸ்றா குற்றப்பத்திரிகையைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“குத்தம் செய்யப்போறேன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. நேரம், இடம், கையெழுத்து, போட்டோ எல்லாம் இருக்கு. முப்பது வருச சர்வீஸுல இம்புட்டு சுத்தமான சாட்சிய நான் பாக்கல.”

“இப்ப என்ன சார் செய்யணும்?”

“ஒத்துக்கிட்டா அபராதத்தோட அன்னைக்கே முடிஞ்சிரும். ஆனா தண்டனை பெத்தவன்னு ஆயிரும், சான்றுல ஏறும். ஒத்துக்கலன்னா நீ குத்தவாளி இல்ல. ஆனா கேஸு நிலுவையில நிக்கும். அதுவும் சான்றுல ஏறும்.”

“அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?”

“எப்படி ஒண்ணாவும்? சட்டப்படி ரெண்டும் நேர் எதிரு.”

வீட்டில் அப்பா தொம்மை வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: “நீ ரோட்ட மறிச்சியா, இல்லியா?”

“மறிச்சேன்.”

“கடலு நம்ம சொவத்த எடுத்துச்சே, அதுமேல கேஸு உண்டா?”

“இல்லப்பா.”

“எனக்கு ஒண்ணும் வெளங்கல,” என்றார் தொம்மை. கெவினுக்கும் விளங்கவில்லை. செய்தது சரி என்று அவன் நம்பினான். அப்படியானால் ஒத்துக்கொள்ள வேண்டும். செய்தது குற்றமில்லை என்றும் நம்பினான். அப்படியானால் ஒத்துக்கொள்ளக் கூடாது.

ஜூன் ஐந்தாம் தேதி கோர்ட்டு. வராந்தாவில் அண்ணாச்சி அவன் தோளைத் தட்டினார். “நெஞ்ச நிமித்தி, பெருமையோட ஒத்துக்கிடுதேன்னு சொல்லுடே. வரலாறு பேசும்.”

“நீங்க வந்து சொல்லுங்களேன்.”

“என் பேருதான் லிஸ்ட்டுல இல்லியே,” என்றார் அண்ணாச்சி, உண்மையான துக்கத்தோடு.

மற்ற ஏழு பேரும் ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஏறக் கப்பல் இல்லை. கடைசியில் கெவின் கூண்டில் ஏறினான்.

“குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

கெவின் எஸ்றாவைப் பார்த்தான். எஸ்றா கூரையைப் பார்த்தார்.

“எதச் சொன்னா எனக்குச் சான்று கெடைக்கும், ஐயா?”

“அப்படி ஒரு பதில் சட்டத்தில் இல்லை. எதற்குச் சான்று?”

“கப்பல் வேலைக்கு. பன்னெண்டாம் தேதி ஏறணும்.”

“என்ன கப்பல்?”

இந்தக் கேள்வியை இதுவரை இயக்கத்தில் யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவனும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

“நிலக்கரி ஐயா. அனல் மின்நிலையத்துக்குக் கொண்டு வாறது.”

பின்பெஞ்சில் அண்ணாச்சி இருமினார். மாஜிஸ்திரேட் விண்ணப்பத்தை எடுத்து மறுபடி ஒரு தடவை, பைய, முழுக்கப் படித்தார். கையெழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். வக்கீலைக் கலந்துகொண்டு வந்து பதில் சொல்லும்படி ஜூலை பதினெட்டுக்கு வாய்தா போட்டார்.

கப்பல் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு ஜூன் பன்னிரண்டாம் தேதி கிளம்பியது.