முதுகில் மட்டும் காற்று

கப்பல் கிளம்ப இன்னும் நாற்பத்தோரு மணி நேரம் இருந்தது. அதற்குள் நான் ஒரு ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குளிருக்குப் போடுகிற ஜாக்கெட் அல்ல. கடலுக்கு அடியில் இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது. சிலிண்டரிலிருந்து அதற்குள் காற்றை விட்டால் உடம்பு மேலே வரும், காற்றை வெளியேற்றினால் கீழே போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நீரில் அப்படியே நிற்கலாம். பவளப்பாறைகளை எண்ணுவது எங்கள் வேலை. அந்த அளவில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

எங்கள் என்றது என்னையும் அண்ணியையும். அண்ணனைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பே அவள் இந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். படிப்பு முடித்து நான் சேர்ந்த நாளிலிருந்து அவள்தான் எனக்கு ஜோடி. அவள் இல்லாமல் நான் கடலில் இறங்கியதே இல்லை. இறங்குவதாக நினைத்துப் பார்த்ததும் இல்லை.

பழைய ஜாக்கெட்டுகளில் தையல் விட்டுக் காற்று கசிந்தது. புதிதாக இரண்டு வகை வந்திருந்தது, வகைக்கு இரண்டாக. ஒன்று, பழையதைப் போலவே மார்பு, விலா, முதுகு என்று சுற்றிலும் காற்று நிரம்புவது. இன்னொன்றில் காற்றுப்பை முதுகில் மட்டும். அதை விங் என்கிறார்கள். ஜோடியாக இறங்குகிறவர்கள் ஒரே வகையைத்தான் போட வேண்டும். அவசரத்தில் ஒருத்தியின் கை மற்றவளின் ஜாக்கெட்டில் தேடாமல் சரியான இடத்துக்குப் போக வேண்டும் அல்லவா?

“நீயே பாத்துச் சொல்லு,” என்றாள் அண்ணி. பயிற்சிக் குளத்தின் விளிம்பில், சாதாரண உடையில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“நீங்க இறங்கலையா அண்ணி?”

“சளி.”

“போட்டுப் பாக்காம எப்படி?”

“உனக்கு எது சரியா வருதோ அது. என் மூஞ்சியைப் பாக்காத.”

இது புதிது. காபியா டீயா என்பதைக்கூட நான் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

சிலிண்டரைத் தூக்கிவந்த ஸ்டோர்க்காரர் சிரித்தார். “நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடாம இருக்கற ஒரே எடம் தண்ணிக்கு அடியிலதான். அங்கதான் வாயைத் தொறக்க முடியாதே!”

வழக்கமாக அண்ணி இதற்குச் சுடச்சுடப் பதில் கொடுப்பாள். இன்று குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சுற்றிலும் காற்று நிரம்பும் ஜாக்கெட். நீர்மட்டத்தில் யாரோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்ததுபோலத் தலை வெளியே நிமிர்ந்து நின்றது. காற்று கூடக்கூட விலாவை இறுக்கியது.

“எப்படி இருக்கு?” என்றாள் அண்ணி.

“பழசு மாதிரியேதான்.”

“மூட்டை கட்டின மாதிரின்னு சொல்லு. அடுத்ததைப் போடு.”

விங்கில் மார்புப் பக்கம் ஒன்றுமே இல்லை. உள்ளே போய் முன்னால் சாய்ந்தேன். உடம்பு தானாகவே தட்டையாகப் படுத்துக்கொண்டது. குளத்தின் தரையில் வெயில் வலைவலையாக அசைந்தது. மூச்சை இழுத்தால் ஒரு விரல்கடை உயர்ந்தேன், விட்டால் ஒரு விரல்கடை தாழ்ந்தேன். மூச்சு விடுவது நானா குளமா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. ஏன் பேசவே மாட்டேங்கற என்று இங்கே யாரும் என்னைக் கேட்பதில்லை.

வேலையில் இருப்பதுபோலவே பழகட்டும் என்று ஒரு கையில் எழுதும் பலகையும் மறு கையில் அளவு நாடாவும் வைத்திருந்தேன். உடம்பு மெல்ல உயர ஆரம்பித்தது. கொஞ்சம் காற்றை வெளியேற்ற வேண்டும். இடுப்புப் பக்கம் தொங்கும் கயிற்றை இழுத்தால் போதும். நான் இழுக்கவில்லை. காத்திருந்தேன். வேகம் கூடியது, அப்போதும் காத்திருந்தேன். தலை நீரைக் கிழித்து வெளியே வந்ததும் விங் முதுகில் தள்ளி என்னைக் குப்புறச் சாய்த்தது.

“யாருக்கும்மா காத்திட்டிருந்த? பஸ்ஸுக்கா?” என்றார் ஸ்டோர்க்காரர்.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. கடலில் எங்கள் இருவருக்குமே கை காலியாக இருக்காது. நான் உயர்ந்தால் என் கயிற்றை அண்ணி இழுப்பாள், அவள் உயர்ந்தால் நான். இத்தனை வருடமும் அப்படித்தான். அவள் கயிறு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என்னுடையது என் கைக்குத் தெரியாது.

சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது. “அடப்பாவிகளா! இது எந்த ஊர் வழக்கம்? அவங்க அந்தப் பக்கம் மீனைப் பாத்துட்டிருந்தா?”

“பாக்க மாட்டாங்க,” என்றேன்.

அண்ணி விளிம்பில் குந்தி உட்கார்ந்தாள். “மறுபடியும் போ. பலகையைக் கொக்கியில மாட்டு. கயிறு இடது பக்கம், இடுப்புக்குக் கீழ.”

“நீங்களும் வாங்க அண்ணி.”

“போடி.”

போனேன். மறுபடி உயர்ந்தேன். இடது கை பின்னால் போய்த் துழாவியது. இடுப்பு, பெல்ட், வெறும் தண்ணீர், பிறகு குண்டுமணிபோல ஒரு முடிச்சு. இழுத்தேன். குமிழ்கள் கிளம்பிப் போயின, உடம்பு நின்றது. இழுத்தது யார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். நீல நிறச் சுவர்தான் இருந்தது. மேலே அண்ணியின் உருவம் துண்டு துண்டாகி, ஒன்றாகி, மறுபடி துண்டு துண்டாகி ஆடியது. தூக்கத்தில் இருப்பதுபோல் அங்கேயே நின்றேன்.

வெளியே வந்ததும் சொன்னேன். “விங்தான் அண்ணி. மேல வந்தா குப்புறத் தள்ளுது, பழகிக்கலாம். கீழ ஒண்ணுமே போடாத மாதிரி இருக்கு.” ஸ்டோர்க்காரரிடம் திரும்பினேன். “ரெண்டு எடுத்து வைங்கண்ணே.”

“ஒண்ணு போதும்,” என்றாள் அண்ணி.

அவர் எங்களைப் பார்த்தார். பிறகு சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“உங்களுக்குப் பிடிக்கலன்னா மத்ததையே எடுத்துக்கலாம் அண்ணி. நிஜமா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“உளறாத. ஒண்ணு இல்ல, இப்பதான் சொன்ன.” அவள் துண்டை என் தலையில் போட்டாள். “கப்பல்ல உனக்கு ஜோடியா வேற ஒருத்தி வரா. கெட்டிக்காரி. ஆனா உன் கயித்தை இழுக்க மாட்டா. இழுக்கச் சொல்லியும் கேக்காத.”

“நீங்க?”

அவள் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே. துண்டுக்குள் எல்லாம் வெள்ளையாக இருந்தது.

“வலது காது சுத்தமா கேக்கறதில்லடி. இனிமே தண்ணிக்கு அடியில போகவே கூடாதுன்னுட்டார் டாக்டர்.”